கண்காட்சி முடிந்த மறுநாள் காலை

சுற்றுச்சூழலைப் பொருளாக வைத்துக் கண்காட்சி நடத்தும் கலைக்கூடங்களுக்கும், அவற்றைத் திட்டமிடும் கியூரேட்டர்களுக்கும், நிதி கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலோர் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். திறப்பு விழாவுக்கு முந்தின இரவு வரை கூடத்துக்குள்தான் கிடப்பேன். நீங்கள் விருந்தினர்களோடு வரும் நேரத்துக்கு ஏணியை மடக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் திரும்ப வருவேன். படைப்புகளை மாட்டுவதும் இறக்குவதும் என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மறுநாள் காலையைப் பற்றித்தான் இந்த மடல்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கண்காட்சியைப் பிரித்தோம். பொருள், கடலும் பிளாஸ்டிக்கும். நுழைவுச் சுவரில் ஆளுயரத்துக்கு வினைல் எழுத்துகள். வினைலை உரிப்பது பொறுமையான வேலை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளேடு முனையால் ஓர் எழுத்தின் மூலையைக் கிளப்பி, சுவரை ஒட்டியே மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் பட்டி பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். கடலில் சேரும் பிளாஸ்டிக் எத்தனை காலம் அழியாமல் கிடக்கும் என்று சொல்லும் பத்தி அது. உரிக்க உரிக்க எழுத்துகள் விரலிலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டன. ஒரு 'ழி' என் சட்டைக் காலரில் ஒட்டி வீடு வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து உருட்டினால் கால்பந்து அளவுக்கு ஓர் உருண்டை. வினைல் என்பதே பிளாஸ்டிக்தானே. அதை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டினேன்.

அதோடு முடியவில்லை. தற்காலிகச் சுவர்களுக்கு அடித்த பிளைவுட், படைப்புகளை நிறுத்த எம்டிஎஃப் என்கிற அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த பீடங்கள், தரைவிரிப்பு, சுருள் சுருளாக பபிள் ராப். ஒவ்வொரு சிற்பத்தின் வளைவுக்கும் தக்கபடி வெட்டிய ஃபோம் வேறு. அது அந்தச் சிற்பத்தைத் தவிர உலகத்தில் எதற்கும் பொருந்தாது. பதினோரு வாரம் நின்றதெல்லாம் பதினோரு மணிக்குள் வண்டியேறிவிட்டது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். நான் இடிக்கிறவன், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு. அதனால் என்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை.

கலைஞர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. மற்றவர்கள் கவனிக்கும் முன்பே அவர்கள் பார்த்திருக்கிறார்கள், சில நேரம் தாங்கள் பார்ப்பது இன்னதென்று தெரியாமலேயே. ஓவியர்கள் டர்னரும் மோனேவும் வரைந்த வானங்களைக் காலவரிசையில் ஆராய்ந்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. தொழிற்சாலைப் புகை கூடக் கூட, அவர்களுடைய ஓவியங்களில் விளிம்புகள் மங்கி, வெண்மை ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்று அது காட்டியது. பாணி மாற்றம் என்று நாம் ரசித்ததில் ஒரு பங்கு காற்றின் அழுக்கு. புகையைக் கண்டிக்க வேண்டும் என்று அவர்கள் தூரிகை எடுக்கவில்லை. மோனேவுக்கு லண்டன் மூடுபனி பிடித்தே இருந்தது. கண்ணில் பட்டதை ஒளிக்காமல் வைத்தார்கள், அவ்வளவுதான். 'விழிப்புணர்வு' என்ற சொல்லைக் கண்காட்சிக் குறிப்பில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மங்கல் வானம் நினைவுக்கு வரும்.

ஆனால் பார்த்துச் சொல்வதோடு நிற்காமல், மண்ணில் இறங்கி வேலை செய்யப் போன கலைஞர்கள் பின்னால் வந்தார்கள். அங்கேதான் நம் ஏற்பாடுகள் இடறுகின்றன. வரைந்து முடித்த ஓவியத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நட்ட மரத்துக்கு ஊற்ற வேண்டும்.

ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982-இல், அங்குள்ள காசெல் நகரத்தில் சில வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் டாக்குமெண்டா கண்காட்சிக்குச் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் கொண்டு வந்து அருங்காட்சியகத்துக்கு முன்னால் குவித்தார். ஊரில் எங்காவது ஒரு மரம் நட்டால், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். அதாவது குவியல் குறைந்தால்தான் படைப்பு வளர்கிறது என்று அர்த்தம். கல் அப்படியே கிடந்தால், நாம் இன்னும் எதுவும் செய்யவில்லை என்று அது ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நகரத்துக்காரர்கள் பலர் அந்தக் குவியலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987-இல், அடுத்த டாக்குமெண்டாவின்போது, அவருடைய மகன் நட்டார். ஒரு கண்காட்சியில் தொடங்கி அடுத்த கண்காட்சி வரைக்கும் நீண்ட அந்த ஐந்து வருஷம்தான் எனக்குப் படைப்பாகத் தெரிகிறது. அப்போது இடுப்பளவுக் கல்லுக்குப் பக்கத்தில் ஒல்லியாக நின்ற கன்றுகள், இன்று கல்லைக் குள்ளமாக்கிவிட்டு நிற்கின்றன. நகரம் அவற்றைக் கிளை வெட்டிப் பராமரிக்கிறது. பட்டுப்போனால் வேறு நடுகிறது. கிளை வெட்டுகிறவரின் பெயர் எந்தக் கண்காட்சிக் கேட்டலாக்கிலும் வராது என்பது வேறு விஷயம்.

அதே 1982-இல் ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞர் நியூயார்க்கில், மன்ஹாட்டன் தென்முனையில், மண் கொட்டி நிரப்பிய இரண்டு ஏக்கர் நிலத்தில் கோதுமை விதைத்தார். பின்னணியில் வானளாவிய கட்டடங்கள், முன்னால் பொன்னிறக் கதிர். அந்தப் புகைப்படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். படத்தில் தெரியாதது நடுவிலிருந்த நான்கு மாதம். வண்டி வண்டியாக மண் கொண்டு வந்து கொட்டி, கல் பொறுக்கி, கையால் 285 சால் போட்டு, களை பறித்து, பூஞ்சை விழாமல் மருந்தடித்து, நீர்ப்பாய்ச்சக் குழாய் இழுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 16 அன்று அறுவடை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் கோதுமை. அப்புறம் அந்த நிலத்தில் கட்டடங்கள் எழுந்தன. அதற்கு யாரும் அழுது பயனில்லை. அது போகப் போகிற நிலம் என்பது தெரிந்தே விதைத்தார்.

பின்னர் அதே டெனஸ் பின்லாந்தில் வேறு மாதிரி யோசித்தார். ஜல்லி தோண்டி எடுத்துப் பாழாய்ப்போன இடத்தில் ஒரு குன்றை எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 பேரைக் கொண்டு 11,000 மரம் நட வைத்தார். நட்டவருக்கு அந்த மரத்துக்கான சான்றிதழ் உண்டு, வாரிசுகளுக்கும் செல்லும். அந்த இடத்தை 400 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் பார்த்த கண்காட்சி ஒப்பந்தங்களில் 'பராமரிப்பு' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் அதிகபட்சக் காலம் மூன்று மாதம். 400 வருஷத்தை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்து வருகின்றன.

சரி, எல்லோரும் 400 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. என் புகாரும் அதுவல்ல. என் புகாருக்கு ஒரு கதை இருக்கிறது.

ஒரு கூடத்தில் 300 மரக்கன்றுகளை வைத்து ஓர் இன்ஸ்டலேஷன், அதாவது அறை முழுவதையும் ஒரே படைப்பாக்குவது. கூடத்தின் பெயர் வேண்டாம். ஜன்னல் இல்லாத அறை. கன்றுகளுக்கு மேலே செடி வளர்ப்பு விளக்குகளைக் கட்டினோம். அவற்றின் ஊதா வெளிச்சம் பத்திரிகைக்கு எடுத்த படங்களில் நன்றாக விழவில்லை என்று சொல்லி, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவற்றைக் கழற்றிவிட்டு ஸ்பாட் லைட் போடச் சொன்னார்கள். கலைஞர் திறப்பு விழா முடிந்ததும் வேறு நாட்டுக்கு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். தண்ணீர் ஊற்றுவது யார் வேலை? காவலரின் வேலைப் பட்டியலில் இல்லை. துப்புரவுப் பணியாளர் படைப்புகளைத் தொடக்கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு. நான் அப்போது வேறு ஊரில் வேறு கூடத்தில் இருந்தேன். இரவுப் பணிக் காவலர் ஒருவர் மட்டும் மனசு கேட்காமல், தன் குடிதண்ணீர்ப் பாட்டிலில் மிச்சமிருந்ததை வாசலோரமாக இருந்த இருபது முப்பது தொட்டிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். விதிப்படி பார்த்தால் அது குற்றம்.

மூன்றாவது வாரம் எனக்குப் போன் வந்தது. சில கன்றுகள் வாடித் தெரிகின்றன, வந்து பின்வரிசைக்கு மாற்றிவிடுங்கள் என்றார்கள். போனேன். மண்ணில் விரலை விட்டால் முதல் கணு வரைக்கும் தூசு. மாற்றினேன். அதற்குத்தான் கூலி கொடுத்தார்கள், தண்ணீருக்கு இல்லை. ஆனாலும் ஒரு வாளி எடுத்து ஊற்றினேன். தரையில் ஈரம் பட்டுவிட்டது என்று அதற்கொரு மின்னஞ்சல் வந்தது.

பிரிக்கப் போன அன்று உயிரோடு இருந்தவற்றை எண்ணினேன். 41. பெரும்பாலும் வாசலோரத்தில் இருந்தவை. ஒப்பந்தத்தில் கன்றுகளுக்கு எதிரே 'அகற்றுக' என்று ஒரே சொல் இருந்தது. கேட்டலாகில் இன்றைக்கும் '300 உயிருள்ள மரக்கன்றுகள், மண், ஒளி' என்றுதான் இருக்கிறது. அந்த 41-ஐயும் நானும் அந்தக் காவலரும் பங்கு போட்டு எடுத்துப் போனோம். அவருக்கு 25, எனக்கு 16. அவர் ஊற்றிய தண்ணீருக்கு அதுதான் நியாயம்.

அந்தக் கலைஞர் ஏமாற்றுக்காரர் இல்லை. கூடத்தில் இருந்தவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. உயிருள்ள ஒன்றை ஓவியம் மாதிரி நினைத்துத் திட்டம் போட்டார்கள். இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2012-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கண்காட்சியில், உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளை விட்ட அறையில் 23 வாரத்தில் 9,000-க்கு மேல் மாண்டன என்று செய்தி வந்தது. அங்கே வாரந்தோறும் புதிதாகக் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் கன்றுகளுக்கு அந்த வசதியும் இல்லை.

மியர்ல் லேடர்மன் யூகெலஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் பெயரை நீங்கள் கலை வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். நான் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் கிடந்த ஒரு புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். புரட்சி எல்லாம் சரி, அது முடிந்த திங்கட்கிழமை காலையில் குப்பையை அள்ளப்போவது யார் என்று 1969-இல் கேட்டவர். 1973-இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளை மணிக்கணக்கில் தண்ணீர் விட்டுக் கழுவினார், அதைக் கலை என்றார். 1979-80-இல் நியூயார்க் நகரத் துப்புரவுப் பணியாளர்கள் 8,500 பேரையும் தேடித் தேடிப் போய் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். சுற்றுச்சூழல் கலை என்றால் பனிப்பாறையும் திமிங்கிலமும் என்று நினைக்கிற நமக்கு, குப்பை வண்டியிலிருந்து தொடங்கியவர் அவர். அவர் படைப்பைப் பெருமையாகக் காட்டும் கூடங்கள், தங்கள் குப்பை எங்கே போகிறது என்று என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

கணக்குக் காட்ட முடியாது என்று சொல்லாதீர்கள். கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் கிரீன்லாந்துக் கரையோரத்தில் ஏற்கெனவே உடைந்து மிதந்த பனிக்கட்டிகளை, பருவநிலை மாநாடு நடந்த 2015 டிசம்பரில் பாரிஸின் ஒரு சதுக்கத்தில் கடிகார வட்டமாக வைத்தார், 12 கட்டிகள். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள், காது வைத்துக் கேட்டார்கள்; உள்ளே அடைந்திருந்த பழங்காலக் காற்றுக் குமிழ்கள் வெடிக்கும் சத்தம் கேட்குமாம். இதைக் கொண்டு வரவே எவ்வளவு எரிபொருள் செலவானது என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று அவருடைய ஸ்டூடியோ கணக்குப் போடவைத்து வெளியிட்டது. அதில் பெரும்பங்கு பனிக்கட்டியின் பயணத்துக்கானது. அந்தப் படைப்பு தேவைதானா என்பதில் எனக்கு இன்னும் பாதிச் சந்தேகம் உண்டு. கணக்கை மேசைமேல் வைத்ததில் சந்தேகமே இல்லை.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர்களும் இதைப் படிப்பார்கள். கேட்மியம் என்ற நச்சு உலோகத்தில் செய்யும் கேட்மியம் மஞ்சளும் கேட்மியம் சிவப்பும் அழகான நிறங்கள்தான். தூரிகையைக் கழுவுகிற தண்ணீர் தொட்டி வழியாக எங்கே போகிறது என்று பார்க்கிறோமா? அந்த உலோகத்தை மண்ணிலிருந்து வெளியே எடுக்க ஒரு கலைஞர் பட்ட பாடு தெரிய வேண்டும். 1991-இல் மெல் சின் அமெரிக்காவின் மினசோட்டாவில், நச்சுக் குப்பை கொட்டிய நிலத்தில், வேளாண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியோடு சேர்ந்து ஒரு பாத்தி போட்டார். கேட்மியத்தையும் துத்தநாகத்தையும் வேர் வழியாக உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் செடிகளை நட்டார். செடியை அறுத்து எடுத்தால் நஞ்சும் கூடவே வெளியேறும். சிற்பி உளியால் கல்லைச் செதுக்குகிற மாதிரி, செடியால் மண்ணைச் செதுக்குவது என்பது அவர் கணக்கு. இது கலைதானா என்ற கேள்வியில் தேசியக் கலை நிதியம் முதலில் பணத்தை நிறுத்திவைத்தது. அவர் நேரில் போய் விளக்கிய பிறகுதான் கொடுத்தது. நிதி கொடுப்பவர்கள் கேட்டது தப்பான கேள்வி என்பேன். அறுத்த செடியை யார் எங்கே கொண்டு போவார்கள் என்று கேட்டிருந்தால் அது சரியான கேள்வி.

எதிர்த்திசையிலும் ஆள் இருக்கிறார். ஒஹாயோவில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்து செக்கச்செவேலென்று வழியும் அமிலத் தண்ணீரைச் சுத்தம் செய்து, அதில் படியும் இரும்பு ஆக்ஸைடை வண்ணமாக்குகிறார் ஓவியர் ஜான் சாப்ரா, பொறியாளர் கை ரீஃப்லரோடு சேர்ந்து. ஓடைக்கு நல்ல தண்ணீர் திரும்புகிறது, ஓவியனுக்குக் காவி நிறம் கிடைக்கிறது. அந்த ஓவியத்தைச் சுவரில் மாட்டும்போது என் கைக்கு உறுத்தாது என்று நினைக்கிறேன்.

கூடங்களின் குளிர்சாதனத்தைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து ஐந்து புள்ளி கூட நகரக்கூடாது என்ற பழைய விதியைக் காப்பாற்ற இரவு பகலாக இயந்திரம் ஓடுகிறது. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் சேர்ந்த பிசோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், வெப்பம் 16 முதல் 25 டிகிரி வரை இருந்தால் போதும் என்று பத்து வருஷத்துக்கு முன்பே வழிகாட்டிவிட்டது. இருந்தும் படைப்புகளை இரவல் கொடுக்கும் கூடங்களின் ஒப்பந்தங்களில் பழைய எண்ணே நகலெடுக்கப்பட்டு வருகிறது. பிளாஸ்டிக்கில் வார்த்த சிற்பத்துக்குக்கூட. யாரோ ஒருவர் அந்த வரியைத் திருத்தினால் போதும்.

அனுப்புவதும் அப்படித்தான். கப்பலில் போனால் விமானத்தில் வெளியாகிற கரியமில வாயுவில் ஒரு சிறு பங்குதான். ஆனால் கப்பலுக்குப் பல வாரம் முன்னாலேயே படைப்பு தயாராக வேண்டும், அதற்கு நீங்கள் முன்னாலேயே முடிவெடுக்க வேண்டும். லண்டனில் 2020-இல் தொடங்கிய கேலரி கிளைமேட் கோயலிஷன் என்ற கலைக்கூடங்களின் பருவநிலைக் கூட்டமைப்பில் சேர்ந்தவர்கள், 2030-க்குள் தங்கள் உமிழ்வைப் பாதியாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் சிலரும் அதில் இருக்கலாம். இருந்தால், கடைசி வாரத்தில் 'அவசரம், விமானத்தில் அனுப்பு' என்று சொல்லும் பழக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்பான்சர் யார் என்ற விஷயத்துக்குள் நான் போகவில்லை. எண்ணெய் நிறுவனத்தின் பெயரைச் சுவரில் ஒட்டியவனும் நான்தான், உரித்தவனும் நான்தான்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்தால், படைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கடைசி நாளுக்குப் பிறகு வரும் வேலைக்கு ஒதுக்குங்கள். உயிருள்ளது உள்ளே வந்தால், தண்ணீர் ஊற்றுகிறவர் பெயரும் கூலியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பீடங்களைத் திருகாணியில் பூட்டுங்கள், பசையில் ஒட்டாதீர்கள். அடுத்த கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். சுவர் எழுத்தைப் பெயிண்டால் எழுதக்கூடிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம், திட்டம் போடும் முதல் கூட்டத்துக்கே எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். எது பிரியும், எது பிரியாது என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவோம்.

அடுத்த மாதம் மாட்ட வேண்டிய ஒரு கண்காட்சியின் பொருள் பட்டியல் நேற்று என் கைக்கு வந்தது. தலைப்பில் 'காடு' என்று இருக்கிறது. ஆறு பக்கம். பொருள், அளவு, எடை, காப்பீட்டு மதிப்பு, எங்கிருந்து வருகிறது என்று ஐந்து பத்திகள். வலது ஓரத்தில் இடம் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஆறாவது பத்தி ஒன்றைக் கோடு போட்டு, மேலே 'எங்கே போகிறது' என்று எழுதி உங்கள் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுத்தால் வண்டிக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளை மாட்டி இறக்குகிறவன்